முப்பது நாள் துணி துவைக்காமல்

குளியலறையில் வாஷிங் மெஷின் மேல்
நாற்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி.
மணல் இல்லை, பாறை இல்லை.
ஒளிந்துகொள்ள
பிளம்பர் கடையில் வாங்கிய
வெள்ளைக் குழாய் முழங்கை இரண்டு.

மெஷின் ஓடினால் தொட்டி அதிரும்,
தொட்டி அதிர்ந்தால் மீன் மிரளும்.
லூபோரின் சட்டைகளைப் பையில் அடைத்து
டிராம் ஏறி பொருபாவுக்கு,
அவன் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.
"மீனுக்கு அம்மையா?" என்றாள் அவள்,
சோப்புத்தூளை அளந்துகொண்டே.
கிட்டத்தட்ட, என்றேன்.

சர்ஜன் என்று அதற்குப் பேர்.
வாலடியில் பக்கத்துக்கு ஒன்றாக
மடக்கிவைத்த கத்தி.
விமானம், பெட்டி, பை, கடை,
கடைசியாக என் குளிர்கோட்டின் உள்பக்கம்.
உள்ளங்கை அளவு நீலத்தில்
யாரோ உப்புத் தூவியதுபோல் புள்ளிகள்.
இடப்பக்கம் எண்ணினேன், முப்பத்தொன்று.
வலப்பக்கத்தை அது காட்டவில்லை.

பேக்கரியில் ரொட்டிக்கு உப்பு நிறுக்கும் கை
வீட்டுக்கு வந்து கடலுக்கு நிறுக்கிறது,
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
அப்புறம் செம்பு, சொட்டுச் சொட்டாக.
ஒன்றரைக்குக் கீழே போனால் பூச்சி சாகாது.
இரண்டரையைத் தாண்டினால் மீன் சாகும்.
நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான்
இப்போது நான் குடியிருக்கிறேன்.

ஓஸ்ட்ராவாவில் ஜனவரி மாதம்
சூரியன் எட்டு மணிக்குத்தான் மனசு வைக்கும்.
என் ஷிப்ட் ஐந்துக்கு.
சோதனைக் குழாயின் நீலத்தை
அட்டையின் நீலங்களோடு ஒப்பிட
ஃப்ரிட்ஜைத் திறந்து அந்த வெளிச்சத்தில் நிற்கிறேன்,
சீஸுக்கும் முட்டைக்கும் எதிரே.
இது இரண்டா, இரண்டே காலா?
"எல்லாம் நீலந்தானே" என்கிறான் லூபோர்.

உப்புத் தின்றவர் தண்ணீர் குடிக்கலாம்.
இது குடிக்கும் தண்ணீரே உப்பு.
அந்த உப்போடு இப்போது
நான் ஊற்றியதும்.

நான்காம் நாள் ஒரு புள்ளியும் இல்லை.
லூபோர் பீர் திறந்தான்.
எனக்கு வேண்டாம் என்றேன்.
தோல் தெளிந்தால் குணம் என்று அர்த்தமில்லை.
தின்று முடித்து அவை இறங்கியிருக்கின்றன,
அடிக்கண்ணாடியில் ஒட்டி
ஓடு போர்த்திக்கொண்டு
ஒன்று நூறாகப் பிரிந்தபடி.
ஓட்டுக்குள் செம்பு நுழையாது.
குட்டிகள் வெளியே நீந்திவரும்
அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான்
இத்தனை அளவும், இத்தனை ஃப்ரிட்ஜ் வெளிச்சமும்.

கூடத்தில் பெரிய தொட்டி
விளக்கெரிய நிற்கிறது.
பவளம் உண்டு, நத்தை உண்டு, மீன் இல்லை.
கடையிலிருந்து கொண்டுவந்த அன்றே
இந்தச் சர்ஜனை நேராக அதில் விட்டவள் நான்.
தனியாக வைத்துப் பார்த்திருக்க வேண்டும். தெரியும்.
தெரிந்தேதான், ஞாயிற்றுக்கிழமை சோம்பலில்.
ஒன்பது நாளில்
இரண்டு கோமாளி மீன்களும் போயின.
முதலில் பெரியது.
சிறியது அதன் இடத்தில் போய் நின்றுகொண்டு
ஒரு பகல் இருந்தது.

அங்கே மருந்து ஊற்ற முடியாது,
நத்தை செத்துவிடும்.
அங்கே வைத்தியம் வேறு:
எழுபத்தாறு நாள் மீன் இருக்கக் கூடாது.
பூச்சி தேடட்டும்,
தேடிக் களைத்துப் பட்டினியில் போகட்டும்.
வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு
"காலியா?" என்கிறார்கள்.
இல்லை, வேலை நடக்கிறது என்கிறேன்.

சர்ஜன் சாப்பிடவில்லை.
உறைந்த இறால், பூண்டுச்சாற்றில் ஊறியது: வேண்டாம்.
கீரை: வேண்டாம்.
குழாய் முழங்கைக்குள் நின்று
செவுளை அசைத்து
மணிக்கணக்காக என்னைப் பார்க்கிறது.
குணமாவதும் சாவதும்
தொடக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும்போலும்.

ஜப்பான்காரர்கள் சோற்றைச் சுருட்டும்
கடற்பாசித் தாள் ஒன்று வாங்கினேன்.
துணி துவைக்காத வீட்டில்
கிளிப்புகள் சும்மாதானே கிடக்கின்றன.
பச்சைக் கிளிப் ஒன்றில் தாளைக் கவ்வி
கண்ணாடி ஓரத்தில் மாட்டினேன்.

பதினோராம் நாள், இரவு இரண்டு மணி.
டக்.
கொஞ்சம் கழித்து, டக்.
"என்ன சத்தம்?" போர்வைக்குள்ளிருந்து லூபோர்.
கிளிப், என்றேன்.
கண்ணாடியில் இடிக்கிறது.

விளக்கைப் போடாமல் வாசலில் நின்றேன்.
போட்டால் நிறுத்திவிடும்.
டக்.
கதவில் கிடந்த சட்டைகளில்
அவன் வேர்வை வாசம்.
இன்னும் பத்தொன்பது நாள்.