பன்னிரண்டு அடி

வில்லியனூரைத் தாண்டி மேற்கே
தாழைவெளி ஹால்ட் என்று கேட்டால்
ஆட்டோக்காரருக்குத் தெரியாது.
"சாராயக்கடை ஸ்டாப்பா?" என்பார்.
அதேதான்.
இறங்கி, கடைக்குப் பின்னால் போக வேண்டும்.

நடைமேடை இருக்கிறது.
அதன்மேல் யாரோ எள் காயப்போட்டிருக்கிறார்கள்.
மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர் உதிர்ந்துவிட்டது;
கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்பது மட்டும்
பிடிவாதமாக நிற்கிறது.
டிக்கெட் சன்னலின் அரைவட்டத் துளையில்
ஓணான் ஒன்று தலையை நீட்டி
எங்கே போகணும் என்பதுபோல் பார்த்தது.

மீட்டர் கேஜைப் பிடுங்கி அகலப்பாதை போட்டபோது
இங்கே வண்டி நிற்கத் தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள்.
அதற்கும் வெகுகாலம் முன்பே
வேலை இழந்த நிலையம் இது.
ஊருக்காகக் கட்டியதில்லை. எல்லைக்காகக் கட்டியது.
இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் பிரான்சு,
நடுவே ஒரு கல்.
பக்கத்தில் ஒரு மூட்டைத் தராசு.
மூலநோயால் உட்காராமல்
நாள் முழுக்க நின்றே சோதிக்கும்
சுங்க அதிகாரி பரசுராம முதலியார்.

என் அம்மா அமலோற்பவம்
வாரம் இருமுறை விழுப்புரம் போவாள்,
சேலைக்கு அடியில் வயிற்றைச் சுற்றி
கைக்கடிகாரங்கள் டிக்டிக்கென்று ஓட.
ஐந்து மாதம், ஏழு மாதம், மறுபடி நான்கு மாதம்.
முதலியார் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார்.
ஒருநாள் கடிகாரங்கள் இல்லை, நான் இருந்தேன்.
அவர் நம்பவில்லை.
"இறங்கு" என்றார். "ஏறு தட்டில்" என்றார்.
முள் ஆடி நிற்பதற்குள்
வண்டி ஊதிவிட்டுப் போய்விட்டது.
அடுத்த வண்டி வருமுன் நான் வந்துவிட்டேன்.

அன்றைய பதிவேட்டில் அவர் எழுதியதை
அம்மா சாகும்வரை சொல்லிச் சிரிப்பாள்:
"பெண் ஒன்று. தீர்வை இல்லை."

சிரிக்காத ஒன்றும் உண்டு.
தராசு இருந்தது கல்லுக்கு இந்தப் பக்கம்.
சொல்தாவாக இருந்த பெரியப்பா வீட்டில்
எல்லாருக்கும் பிரெஞ்சுக் காகிதம்.
தூலோனிலிருந்து ஜெசிந்தா
பனியில் நிற்கும் படம் அனுப்புகிறாள்.
நான் முதலியார்பேட்டை மில்லில் நூல் சுற்றினேன்.
மில்லையும் மூடினார்கள்.
"கொஞ்சம் தள்ளிப் பெத்திருக்கக் கூடாதா?"
ஒரு சண்டையில் கேட்டுவிட்டேன்.
அதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவே இல்லை.

இன்று தையல் நாடாவோடு வந்தேன்.
ஐந்தடி நாடா; குனிந்து, நகர்த்தி, மறுபடி குனிந்து.
கல் இருக்கிறது, பாதி எழுத்தோடு,
கோழி இறகு ஒட்டிக்கொண்டு.
தராசு போய் அதன் குழி இருக்கிறது,
உள்ளே பீர் பாட்டில்கள்.
பன்னிரண்டு அடி.
சரியாகச் சொன்னால் இரண்டு விரற்கடை குறைவு.

எள் கிளற வந்த பெண்
"என்னம்மா தொலைச்சிட்டீங்க?" என்றாள்.
ஒன்றுமில்லை, நான் பிறந்த இடம் என்றேன்.
"காலைத் தூக்கிக்கங்க, எள்ளு மிதிபடுது."

புதுச்சேரி வண்டி வந்தது.
நிற்காமல், வேகம்கூடக் குறையாமல்
கல்லைக் கடந்து போயிற்று.
எள் கொஞ்சம் பறந்தது,
கொஞ்சம் அந்தப் பக்கமும்.