பெயர் எழுதும் கட்டம்

பதினொன்று நாற்பதுக்கு முதல் அழைப்பு.
நாய்க் குரைப்புக்கு நடுவே ஒரு பெண்:
"பெக் அடுப்படிக்குள்ள வந்துடுச்சு."
"யார் வந்தது?" என்றாள் மொர்வென்னா.
அவள் கார்ன்வால்காரி,
இந்த வடக்குக்கு வந்து ஏழு வாரம்.
பக்கத்து நாற்காலி கெத்தின்
ஒரு தாளில் எழுதித் தள்ளினான்:
பெக் என்றால் ஓடை.

திரையில் ஒரு கட்டம்: நீர்வழி.
தட்டினால் இரண்டே சொற்கள் இறங்கும்,
முதன்மை ஆறு, சாதாரண நீர்வழி.
அடுப்படிக்குள் வந்தபின்
எது சாதாரணம்?
ஆனாலும் தட்டினாள். தட்டாவிட்டால்
அடுத்த பக்கம் திறக்காது.

எல்லைப்பக்கத்து ஆட்டுக்காரர் கத்தினார்:
"பர்ன்! கீழ்க்கொட்டகை முழுக்க பர்ன்!"
தீயணைப்புக்கு மாற்றப் போன விரலைக்
கெத்தின் பிடித்து நிறுத்தினான்.
அங்கே அதுவும் ஓடைதான்.
நம் எழுத்தில் எரிக்கும் ஏரிக்கும்
ஒரு சின்னக் கீற்றுதான் தூரம்.
அவர்களுக்கு
அந்தக் கீற்றும் இல்லை.

பர்மிங்ஹாமிலிருந்து குடிவந்த பையன்
மெதுவாக, வெட்கத்தோடு,
"ப்ரூக்" என்றான்,
படப்புத்தகத்தில் வாத்து நீந்தும் சொல்.
அதில் அவன் அப்பாவின் கார்
மிதந்துகொண்டிருந்தது.

மொர்வென்னாவின் ஊரில் க்ரீக் உண்டு.
கடல் ஏறினால் நிறையும், இறங்கினால் சேறு,
படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து தூங்கும்.
அந்தச் சொல்லை இன்றிரவு
யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அழுதிருப்பாள்.

ஒன்றரைக்கு மழை கொஞ்சம் மூச்சு வாங்கியது.
ஆறிப்போன தேநீரோடு கெத்தின் சொன்னான்:
"எங்க வேல்ஸ்ல ஆத்துக்கு அவோன்னு பேரு.
வெளியாள் வந்து கை நீட்டி, அது என்னன்னு கேட்டான்.
அவோன்னு சொன்னோம்.
'ஏவன் ஆறு'ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டான்.
வரைபடத்துல இன்னும் ஓடுது,
ஆறு ஆறுன்னு ஒரு ஆறு."
சிரித்து முடிக்குமுன் மணி அடித்தது.

கிழவர் குரல். அவசரமே இல்லை.
"தொந்தரவுக்கு மன்னிக்கணும்.
ரானல்ட் திஸில்த்வெய்ட், ஆலை வீடு.
அவ மூணாவது படிக்கு வந்துட்டா."

"அவங்களால நடக்க முடியுதா?"

"நல்லாவே நடக்கறா."

"வயசு என்ன இருக்கும்?"

அவர் யோசித்தார்.
"தேவாலயத்துக்கு முன்னாடியே இருந்தவ."

மொர்வென்னா எழுதினாள்:
இருவர். ஒருவர் மிக முதியவர், பெண்,
மனக்குழப்பம் இருக்கலாம்.
"நீங்க அவங்க பக்கத்துலயே இருங்க."
"வேற எங்க போக?
நாலாவது படி இப்ப அவளோடது."
அப்போதுதான் கம்பிவழியே அது கேட்டது:
தன் வீட்டுக்குள் நடப்பவள்போல்
நிதானமாக எதையோ
நகர்த்தி வைக்கும் ஓசை.
கட்டம் காத்திருந்தது, கண் சிமிட்டியபடி.
நீர்வழியின் பெயர்?
"உங்க ஆத்துக்குப் பேரு என்னங்க?"
"பேரா?" என்றார்.
அறுபது வருஷமாகப் பக்கத்திலிருந்தும்
அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

மூன்றேகாலுக்குப் படகு போனது.
இரண்டு உயிர்க்கவசம், இரண்டு போர்வை.
ஜன்னல் வழியே அவரை இறக்கிவிட்டு
மீட்புக்காரி டார்ச்சை உள்ளே திருப்பினாள்:
"இன்னொருத்தர் எங்க?"
ஆறாவது படிவரை
கறுப்பாக, மினுங்கிக்கொண்டு,
ஒரு நாற்காலியை மெல்லத் திருப்பியபடி
இருந்தாள்.
கிழவர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.
"அவ வரமாட்டா" என்றார்.

விடியலில் பணி மாற்றம்.
கடைசிப் படிவத்தில் இருவர் என்பதை
ஒருவர் ஆக்கச் சொன்னார்கள். ஆக்கினாள்.
பெயர் எழுதும் கட்டத்தை மட்டும்
அப்படியே விட்டாள்.
எப்படியோ அடுத்த பக்கம் திறந்தது.
வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில்,
சக்கரங்களுக்கு அடியில், விரலளவு அகலத்தில்,
ஒன்று போய்க்கொண்டிருந்தது.
காலைத் தூக்கித் தாண்டினாள்,
வழியில் தூங்குகிறவரைத் தாண்டுவதுபோல.