மூன்றாம் பத்தியில் ஒரு சொல்

துண்டறிக்கையின் மூன்றாம் பத்தியில்
ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.
'மர்மர்' என்றால் ஜனங்களுக்கு
மர்மம் என்று கேட்கிறது, பயந்துபோகிறார்கள்,
தமிழில் போடுங்கள் என்றார் டாக்டர் ஷீபா.

அகராதி தயங்கவே இல்லை:
முணுமுணுப்பு.
போட்டேன். நாற்பது நகல் எடுத்து
குழந்தை இதயப் பிரிவு வரிசையில் கொடுத்தேன்.
வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்கு வேறு தாள்.
உருதுத் தாள் எழுதும் ஷபீக்
அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு
டீ குடிக்கப் போயிருந்தார்.

ஒடுகத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கன்னியம்மா
எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
இன்னொரு முறை வாசித்தாள்.
மடியில் மூன்று மாதப் பெண், ஒரு கால் சாக்ஸ் கழன்று.
"இன்னாத்துக்குக்கா முணுமுணுக்குது?
யார்மேல கோவம்?"

கோபமில்லை, ரத்தம் ஓடுகிற சத்தம் என்றேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
"மூணாவது தங்கிடுச்சின்னு தெரிஞ்சப்போ
வேணாம் வேணாம்னு
வாய்க்குள்ளயே சொல்லிக்கினு இருந்தேன்.
உள்ளாற இருந்து கேட்டுக்கிச்சோ?"

மேசைக்குத் திரும்பி
அந்தச் சொல்லின்மேல் கோடு போட்டேன்.
நாம் எதற்கெல்லாம் முணுமுணுக்கிறோம்.
ரேஷனில் எடை குறைந்தால்,
மருமகள் பீரோ சாவியை இடுப்பில் செருகினால்,
காட்பாடிப் பாலத்தில் லாரி மறித்தால்.
நல்லது எதற்கும் முணுமுணுத்த நினைவில்லை.
மந்திரம் தவிர.
அதையும் கூர்ந்து கேட்டால் பாதி புகார்தான்.

முனகல் என்று போட்டால்
வலிக்கிறதா என்பார்கள். வலிக்காது, அதுதானே செய்தி.
கிசுகிசு நடிகைகளுக்குப் போய்விட்டது.
குசுகுசுவுக்கு இரண்டு பேர் வேண்டும்,
கேட்காத தூரத்தில் மூன்றாவதாக ஒருவர் வேண்டும்.
சலசலப்பு என்றால் பனங்காட்டு நரி வந்து நிற்கும்;
ஆறுபோலச் சலசலக்கும் என்று எழுதினால்
பாலாற்றைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.
இரைச்சல் என்று போடு என்றார் ஏகாம்பரம்,
பழைய ஃபைலில் அப்படித்தானாம்.
பஸ் ஸ்டாண்டு இரைச்சலை
இத்தனூண்டு நெஞ்சில் எங்கே வைப்பது?
முரல்வது வண்டு. வேண்டாம்.
மிழற்றல் என்று பழைய சொல் ஒன்று,
கிளியும் குழந்தையும் பேசுகிற அரைப்பேச்சு.
அழகாக இருந்தது. டைப் செய்தேன்.
கன்னியம்மா அந்த ழகரத்தில் நிற்பதை நினைத்தேன்.
அழித்தேன்.

எக்கோ எடுத்த நாளில்
டாக்டர் ஷீபா தன் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி
அவள் காதில் மாட்டினார்.
வரிசை காத்திருந்தது. யாரோ கொட்டாவி விட்டார்கள்.
கன்னியம்மா தலையைச் சாய்த்தாள்,
வாயைக் கொஞ்சம் திறந்தாள்.
"ஐய," என்றாள்,
"எங்க தெருக் குழாய்தான் இது.
எட்டு நாளைக்கு ஒருக்கா
தண்ணி வர்றதுக்கு முன்னாடி வருமே காத்து,
உஸ்ஸுன்னு...
அது கேட்டாப் போதும், குடத்தத் தூக்கிக்கினு ஓடுவோம்."

ஓட்டை சின்னது, தானாக மூடலாம்,
மூடாமலும் போகலாம், ஆறு மாதம் கழித்து வா
என்றார் டாக்டர்.
அவள் அதைச் சரியாகக் கேட்டாளா, தெரியாது.
சாக்ஸை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

கமிட்டி கூடியது.
குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் வரும் காற்றின் ஒலி
என்றால் இரண்டு வரி பிடிக்கும் என்றார்கள்.
முணுமுணுப்பே போனது அச்சுக்கு, ஐயாயிரம் பிரதி.
நான் ஒன்றும் பேசவில்லை.
வாய்க்குள் ஏதோ சொன்னேன்.

கொசப்பேட்டையில் எங்கள் சந்துக்கு முறை
இரவு இரண்டு மணிக்கு.
பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் குடங்கள்
ஒன்றையொன்று இடிக்கின்றன.
குழாய் இருமுகிறது, நிற்கிறது,
பிறகு நீளமாக அந்த உஸ்.
எழுந்திருக்க வேண்டும்.
இன்னும் கொஞ்ச நேரம்
காற்றாகவே வரட்டும் என்று
படுத்திருக்கிறேன்.