கொர்வாராவா, கொல்ஃபொஸ்கோவா

இரவு பத்தேகால். ஹறோவில் மாலை நாலே முக்கால்.
நுவரெலியாவில், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில்,
ஹீட்டர் இல்லாத அறையில்
சால்வைக்கு மேல் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு
நான் இத்தாலிக்கு வழி சொல்கிறேன்.

"தங்கச்சி, ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்தானே,
எதில நிண்டா நல்லம்?"
கேட்பவர் குகதாசன். அவருக்குக் கறுப்புச் சரிவு வேண்டும்.
மனைவிக்கு நீலம் போதும், அதுவும் வெயில் படுகிற பக்கம்.
மகனுக்கு ஒன்பது வயது. அவன் கேட்டது வைஃபை மட்டும்.
ஏழு இரவு, பெப்ரவரிப் பள்ளி விடுமுறை,
சாப்பாட்டில் மாடு கூடாது,
"விலையைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ."

என் திரையில் இரண்டு ஊர்களும்
ஒரே மலைக்குக் கீழே
கோபித்துக்கொண்ட ஓரகத்திகள் போல
முகம் பாராமல் உட்கார்ந்திருக்கின்றன.
கொர்வாராவில் கடைகள், சத்தம், செங்குத்து.
கொல்ஃபொஸ்கோ கொஞ்சம் மேலே;
அங்கே மலை, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற மடியின் சாய்வில் இறங்குகிறது.
நடுவே ஒரு கம்பி.
காலைத் தொங்கப்போட்டுக்கொண்டே
இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் போய்விடலாம்.

கந்தப்பளையில் எங்கள் தோட்டத்திலும் கம்பி ஓடியது,
மேல்பிரிவிலிருந்து ஸ்டோருக்கு.
கொழுந்துச் சாக்குக்கு மட்டும். ஆள் ஏறினால் பத்துச்சீட்டு.
செபமாலையின் மகன் ரொபின்
ஒரு பந்தயத்துக்காகக் கொக்கியில் தொங்கிக்கொண்டு
பள்ளத்துக்கு மேலே, ஆற்றுக்கு மேலே,
எல்லார் அலறலுக்கும் மேலே போய் இறங்கினான்.
கணக்கப்பிள்ளை அவனையும் தராசில் ஏற்றினார்:
முப்பத்தொரு கிலோ.
தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிவு.

இதைச் சொல்லவில்லை. சொன்னது இது:
"அண்ணா, கொல்ஃபொஸ்கோவுல தங்குங்க.
காலையில நீங்க கம்பியேறி கொர்வாராவுல போய் விழுந்துட்டு
பகல் சாப்பாட்டுக்கு அக்காகிட்ட வந்துரலாம்."
சிரித்தார்.
சிரித்தவர்கள் முற்பணம் கட்டுவார்கள், இரண்டு வருட அனுபவம்.

பிறகுதான் அது வந்தது.
"நீங்கள் எப்ப போனீங்கள் அங்க?"

தகரத்தில் மழை. கீழே யாரோ ஷட்டரை இழுக்கிறார்கள்.

எங்களுக்குப் பனி என்று ஒரே சொல்தான்.
லயத்தை மூடி அடுத்த வீட்டு விளக்கைத் தின்பதும் பனி.
இலைநுனியில் உருள்வதும் பனி.
அவர் ஏழு இரவுக்கு விலை கேட்பதும் அதுதான்.

"போன ஜனவரி" என்றேன்.
"எப்பிடி இருந்தது?"

அதற்குப் பொய் தேவைப்படவில்லை.
விடியற்காலை ஐந்தே முக்கால், புல்லெல்லாம் உப்பு.
செருப்பு வைத்த இடத்தில் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.
என் மூச்சு எனக்கு முன்னால் நடந்து போனது.
வெயில் வந்ததும் மலை முழுக்க ஒரே மினுக்கம்,
கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றோம், ஒருவரும் பேசவில்லை.

"சா… நேரில நிக்கிற மாதிரிக் கிடக்கு."

பதினொரு மணிக்குள்
ஏழாம் நம்பர் மலை கருகிப் புகையிலை நிறமானதையும்
அம்மாவுக்கு அந்த மாதம் முழுக்க அரைப்பேர் விழுந்ததையும்
நான் விட்டுவிட்டேன்.
விடுமுறைக்குப் போகிற மனிதர்.

பதினொன்று பத்துக்கு முற்பணம் வந்தது.
படிவத்தை நிரப்புகிறேன். சப்பாத்து அளவு:
குகதாசன் நாற்பத்திரண்டு, மனைவி முப்பத்தேழு.
பையனுடையதைக் கேட்க மறந்திருக்கிறேன்.
வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன்.
ஒரு டிக்.
இன்னொரு டிக்.

அங்கே யாரோ இப்போது
ஒரு பிள்ளையின் காலை
அடிமட்டத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.
கூச்சத்தில் அவன் விரலை மடக்குவான்.
ஒரு அளவு கூட்டிப் போட வேண்டும்.