நெஞ்சு பாரம்

பீல் நகரத்து மேட்டு ஆஸ்பத்திரியில்
மாசிப் பனிமூட்டம் ஜன்னலில் ஒட்டிக் கிடந்தது.
கீழே ஏரி இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் பெயர் அமிர்தநாதன்.
இருபத்திரண்டு வருடம் கைக்கடிகாரக் கூடுகளை
மினுக்கிய கை,
நகக்கண்ணில் இன்னும் அந்தப் பசைக் கறுப்பு.
"நெஞ்சு பாரமாக் கிடக்குது தங்கச்சி" என்றார்.
பிறகு, யாரும் கேட்காமலே,
"தம்பி போய்ச் சேர்ந்து இண்டைக்குப் பதினேழு நாள்.
லீவு தரேல்லை."

எனக்குப் புரிந்துவிட்டது.
அதுதான் பிழை.

மணிக்கணக்குக்கு மொழிபெயர்க்கிறவள் நான்.
வயிறு எரிகிறது என்றால் இரைப்பைப் புண் இல்லை,
ஈரக்குலை நடுங்குகிறது என்றால் ஈரலுக்கு ஸ்கேன் வேண்டாம்,
கை கால் ஓடவில்லை என்றால் பக்கவாதம் இல்லை என்று
பதினொரு வருடமாக இந்த நாட்டு டாக்டர்களுக்குச்
சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவள்.
அன்றும் சொன்னேன்:
"இது துக்கம், டாக்டர். எங்கள் மொழியில் அப்படித்தான்."
சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் சூர்ஃப்ளூ தலையசைத்தார்.
இதயத் துடிப்பின் கோடுகள் அவர் கண்ணுக்கும்
சாதுவாகத்தான் தெரிந்தன.
தாளை மடிக்கப் போனார்.

திரையில் ஒரு மஞ்சள் கட்டம்.
அதே கோடுகளை வாசித்த மென்பொருள்
தமனி அடைப்பு, எழுபத்தொரு சதவீதம் என்றது.
அதற்குத் தமிழ் தெரியாது.
தம்பியைத் தெரியாது, பதினேழு நாள் தெரியாது.
மூன்றாம் கோட்டில் ஒரு மயிரிழை வளைவு,
அது மட்டும் தெரியும்.

டாக்டர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"நிச்சயமா?"
நான் வாயைத் திறந்து மூடினேன்.
இரத்தம் எடுத்தார்கள்.
நாற்பது நிமிடம் கழித்து வந்த எண்
மஞ்சள் கட்டத்தின் பக்கம் நின்றது.

பேர்னுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ்.
அதில் எனக்கு இடமில்லை, மொழிபெயர்க்கும் டேப்லெட்டுக்கு இருந்தது.
கட்டிலோரத்திலேயே அதைப் பேச வைத்துப் பார்த்தார்கள்.
செய்தி வாசிக்கும் குரலில் அது சொன்னது:
"தங்கள் இதயத் தமனியில் அடைப்பு ஏற்பட்டுள்ளது. அச்சம் வேண்டாம்."
"ஓம்" என்றார் அதனிடம், மரியாதையாக.
பிறகு அதனிடமே கேட்டார்:
"தம்பியின்ரை செத்தவீட்டுக்கு நான் போகேல்லை.
அதாலையோ இது?"

நானென்றால் அந்தக் கேள்வியைக்
கொஞ்சம் சீவி, கொஞ்சம் துடைத்துக் கொடுத்திருப்பேன்,
நோயாளி காரணம் கேட்கிறார் என்று.
அது அப்படியே தூக்கி ஜெர்மனில் வைத்தது.
செத்தவீடு, போகாதது, அதாலையோ.
எல்லாம்.

சக்கரக் கட்டிலின் பிரேக்கை எடுக்கக் குனிந்த பையன்
குனிந்தபடியே நின்றான்.
காலையிலிருந்து உட்காராத டாக்டர்
கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.
"நைன்" என்றார். "நைன், ஹேர் அமிர்தநாதன்."
இன்னொரு முறை, மெல்ல.
டேப்லெட் "இல்லை" என்று தொடங்குவதற்குள்
அவருக்கு விளங்கியிருந்தது.

படிவத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் என்று எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
வந்த பஸ்ஸை விட்டேன்,
அடுத்ததையும்.

ஒன்பதாம் நாள் பரிசோதனைக்கு வந்தார்.
முகம் மழித்திருந்தார், மணிக்கட்டில் பிளாஸ்டர்.
எப்படி இருக்கு என்றேன்.
"நெஞ்சு பாரம்."

டாக்டரின் பக்கம் நான் திரும்பவில்லை.
"எந்தப் பாரம், அண்ணை?"
முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது,
மூன்றே சொல்.

உள்ளங்கையை மார்பில் வைத்தார்.
கொஞ்சம் இடம் மாற்றி வைத்தார்,
தொலைத்த சாவியைச் சட்டைப் பைக்குள் தேடுகிறவர் மாதிரி.
"மற்றது" என்றார்.
"மற்றதுதான் எண்டு நினைக்கிறன்.
எதுக்கும் ஒருக்காக் கோடு போட்டுப் பாருங்கோ."