மஞ்சள் கோட்டுக்கு அப்பால்

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து
பத்து மீட்டர் வரை புகைக்கக் கூடாது.
டேப் பிடித்து மஞ்சள் கோடு இழுத்தவர் காவலர் தொகோ.
கோட்டைத் தாண்டிவிட்டால்
அவர் தொப்பிக்குள்ளேயே சில்லறை சிகரெட் கிடைக்கும்,
ஒன்று மூன்று ராண்ட்.

நான் பில் போடுகிறவள்.
ஆக்சிஜன் மணிக்கு இவ்வளவு,
நெஞ்சுப் படம் இவ்வளவு,
படுக்கை நாளுக்கு இவ்வளவு.
பென்ஷன்காரர் என்றால் கடைசி வரியில் சைபர்.
அந்த சைபரை யார் கட்டுகிறார்கள் என்று
கம்ப்யூட்டர் கேட்பதில்லை.
நானும்தான்.

இன்று பதினொரு மணிக்கு
கிஸ்டன் படையாச்சி வந்தார், ஆறாம் வார்டு,
முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர்.
சிலிண்டரை மூடி
கோட்டுக்கு உட்புறம் தொகோவிடம் ஒப்படைத்துவிட்டு
மூன்று எட்டு, ஒரு மூச்சு,
மூன்று எட்டு.

பெட்டியை நீட்டினேன். பழக்கதோஷம்.
"எனக்கு வேணாம்.
நீ பத்த வை. காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குது."

பற்ற வைத்தேன்.
முதல் பஸ்ஸை எடுப்பதற்கு முன்
டிப்போ இருட்டில் நிற்கிறவர் போல
கண்ணை மூடி நின்றார்.
பாதியில் அணைத்தேன்.
"ஏன், காசு குடுத்து வாங்கினதுதானே?"
சிரிப்பு இருமலாக மாறி
அது முடியும்வரை
தொகோ சிலிண்டரைப் பிடித்தபடியே
எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் அவர் கணக்கைத் திறந்தேன்.
மொத்தம் நாற்பத்தோராயிரம்.
செலுத்த வேண்டியது சைபர்.
'இதர செலவுகள்' காலியாக இருந்தது.

ஒன்றரை ராண்ட் என்று அடித்தேன்.
அழித்தேன்.
விசைகளில்
என் விரல் வாசம்.