ஒரு சுற்றுத் தளர்வு

கேபிள் டிவிக்காரன் என்பதால்தான் கூப்பிட்டார்கள்.
கம்பம் நட்டு மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டத் தெரியும்,
அவ்வளவுதான் தகுதி.
மூஞ்சிக்கல் கூரைகளில் இருபது வருஷம்.
படகில் ஏறியது கிடையாது. நீச்சலும் வராது.

எப்சிபா டீச்சர் யாரோ விட்டுப்போன பாய்ப்படகை
எட்டாயிரத்துக்கு வாங்கியிருந்தார்.
பதினோரு அடி, பிளைவுட்,
பேர் அழிந்த இடத்தில் ஒரு ‘லி’ மட்டும்.
தார்ப்பாயைத் தூக்கியபோது
தவளை ஒன்று வாடகை கொடுப்பவன் போல நிமிர்ந்து பார்த்தது.

பாய்மரம் நேராகத்தான் இருந்தது.
அலுமினியக் குழாய், உச்சியில் கப்பி.
அதன் கால் உட்காரும் கட்டைதான்
விரல் பட்டதும்
காப்பியில் ஊறிய ரஸ்க்காக உள்வாங்கியது.

பார்க்கவில்லை என்று இப்போது சொல்லலாம்.
பார்த்தேன்.
கூரையில் ஆடினால் இறுக்குவோம்,
இங்கேயும் அதுதான் என்று நினைத்தேன்.

அணியத்துக்கு ஒரு கம்பி, இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று.
டர்ன்பக்கிளுக்குள் திருப்புளியைக் கொடுத்துச் சுற்றினேன்.
தட்டினால் ணங் என்றது.
இன்னும் ஒரு சுற்று.
இன்னும் ஒன்று.
மரம் இம்மி அசையவில்லை. எனக்குப் பெருமை.
டீச்சர் பிளாஸ்கைத் திறந்தார்.

அப்போது கேட்டது
படகின் வயிற்றுக்குள்
கடைவாய்ப் பல் உடைகிற சத்தம்.

கம்பிகள் பக்கவாட்டில்தான் இழுக்கும் என்று
இருபது வருஷம் நம்பியிருக்கிறேன்.
மூன்றும் கூடிக் கீழேதான் அழுத்தியிருக்கின்றன.
கூரையில் கான்கிரீட் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டது.
இங்கே அரை அங்குலப் பலகை,
அதற்கடியில் ஏரி.

“கரையிலயே உடைஞ்சுதே” என்றார் டீச்சர்,
ரம்பம் எங்கே என்று கேட்டார்.

செண்பகனூரில் இடித்த வீட்டின் நிலைச்சட்டம், தேக்கு,
எறும்பு தொடாத துண்டாகத் தேடி எடுத்தோம்.
பாரம் ஒரு புள்ளியில் விழாமல்
இரண்டு விலா தாண்டிக் குறுக்கே கிடத்தினோம்.
கொடைக்கானல் குளிரில் பசை இறுகவில்லை.
இருநூறு வாட் பல்பைத் தொங்கவிட்டு
கம்பளி போர்த்தி
ராத்திரி முழுக்க அடைகாத்தோம்.
மூன்று மணிக்கு மின்சாரம் போனது. திட்டினோம். வந்தது.

ஞாயிறு பகல் மஞ்சு விலகியது.
இந்த ஏரியில் காற்றுக்கு ஒரு திசை இல்லை,
ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் ஒன்றாக இறங்கி வரும்.
ஆஞ்சானை இழுத்தார், பாய் ஏறியது,
படகு தோளைச் சாய்த்தது, நான் யாரையோ கும்பிட்டேன்.
காற்றுப் பக்கத்துக் கம்பி விறைக்க
மறுபக்கத்துக் கம்பி
கொடிக்கயிறு போலத் தொய்ந்து ஆடியது.
கை தானாகத் திருப்புளிக்குப் போனது.

“விடுங்க ஞானமுத்து,
இப்ப அதோட முறை இல்ல.”

படகு திரும்பியது. அதன் முறை வந்தது.

திங்கட்கிழமை நாயுடுபுரத்தில் புகார்:
படம் தெரியல, கம்பம் ஆடுது, வந்து இறுக்குங்க.
ஏணி வைத்து ஏறினேன்.
கம்பியைத் தொடவில்லை.
குனிந்து, கம்பம் ஊன்றிய இடத்தில் பாசியைச் சுரண்டினேன்.
மயிரிழை விரிசல் ஒன்று சுவர்வரை ஓடியது.
அதற்குள் கட்டெறும்புகள்
எதையோ சுமந்து
போய்க்கொண்டிருந்தன.